பின்பாரம்

இல்லை, அவர் வேகமாக ஓட்டவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். முதலில் பெயர்தான் எழுத வேண்டும் என்று ஏட்டையா சொன்னதால் சொல்கிறேன்.

பெயர் பாகீரதி. வயது இருபத்துநான்கு. தகப்பனார் பெயர் சேஷகிரி, மைசூர் சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். விலாசம் மல்லேசுவரம் எட்டாவது கிராஸ். கன்டோன்மென்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக சோதனைச்சாலை டிமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். மணமாகவில்லை. 1946 நவம்பர் 14, வியாழக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானாக இந்த நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். தமிழில் எழுதும்படி கேட்டேன். ஏட்டையா தமிழில் எழுதுகிறார்.

நேற்று அல்சூர் ஏரிச் சரிவில் லாரியிலிருந்து டிரெய்லர் கழன்று மோரியில், அதாவது சாலையோரச் சாக்கடைப் பள்ளத்தில், விழுந்த விஷயத்தில் லாரி டிரைவர் ஹெர்பர்ட் நேற்று முதல் இங்கே காவலில் இருக்கிறார். மர்பி டவுன்காரர். கண்மண் தெரியாமல் ஓட்டினார் என்று அவர் மேல் புகார். அது நிலைத்தால் லைசென்ஸ் போய்விடும் என்று வெளியே வராந்தாவில் காத்திருக்கும் அவர் மனைவி கேத்தரின் சொன்னார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. டிரெய்லரில் எதை எங்கே வைப்பது என்று சொன்னது நான். அவர் வேண்டாம் என்றார்.

இப்படிச் சொன்னால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம் அம்மா என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். புரிகிறது என்றேன்.

எங்கள் சோதனைச்சாலையைக் கிளீவ்லண்ட் டவுனிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ராணுவம் ஏலத்தில் விட்ட ஒரு லாரியும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் வாடகைக்கு வந்தன. ஹெர்பர்ட் அதன் டிரைவர். சண்டைக் காலத்தில் ராணுவத்தில் இதே மாதிரி வண்டிகளை ஓட்டியவர். சாமான் மாற்றும் பொறுப்பைப் பிரின்சிபால் அம்மாள் என்னிடம் கொடுத்தார். நான் பட்டியல் தயாரித்தேன். அங்கே போனதும் முதலில் இறங்க வேண்டியது ஒன்றாம் எண், அடுத்தது இரண்டு, இப்படி நாற்பத்தாறு வரை. ஒவ்வொரு பெட்டியிலும் சாக்பீஸால் எண் எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. நல்ல பட்டியல் என்று நினைத்தேன்.

ஒன்றாம் எண் முதல் ஒன்பதாம் எண் வரை பேட்டரிகள். பெரியவை. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே அமிலம் இருப்பதால் மற்றச் சாமானோடு கலக்காமல் கடைசியில் ஏற்றி முதலில் இறக்கிவிடலாம் என்பது என் யோசனை. ஆகையால் கண்ணாடிக் குடுவைகளும் வைக்கோல் பெட்டிகளும் டிரெய்லரின் முன்பக்கம் போயின. பேட்டரிகள் ஒன்பதும் கடைசி ஓரத்தில், பின்கதவை ஒட்டி நின்றன.

நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்கு ஹெர்பர்ட் இதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"டீச்சரம்மா, இது பின்பாரம். ஆகாது. கனமெல்லாம் அச்சுக்கு ஸ்வல்ப முன்னால வரணும்."

"எண்படி வைத்திருக்கிறேன். இறக்கும்போது சுலபமாக இருக்கும்" என்றேன்.

"எறக்கறது இருக்கட்டும். மொதல்ல போய்ச் சேரணுமில்ல?"

கூலியாட்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதலாம். நெம்புகோல் பற்றி வாரத்தில் மூன்று நாள் பாடம் நடத்துகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு அவர் டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டை, லாரியின் கொக்கியில் மாட்டும் அந்தத் தண்டை, ஒரு கையால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். இடது கை. "பாருங்க. இத்தனை ஏத்தின வண்டிக்கு இதைத் தூக்க ரெண்டு ஆள் மூச்சு முட்டணும். இது பூ மாதிரி வருது. பின்னால எல்லாம் உக்காந்திருக்குன்னு அர்த்தம். எந்த மாட்டு வண்டிக்காரனை வேணும்னாலும் கேளுங்க" என்றார்.

நான் பார்த்தேன். லேசாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். லாரிக்குச் சுமை குறையும். அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டிகளை மாற்றினால் பதினோரு மணி ஆகிவிடும். எண்கள் கலைந்துவிடும். மாற்ற வேண்டாம் என்றேன். "ஏத்தறது உங்க இஷ்டம், இழுக்கறது நானு" என்றார் அவர். பிறகு கயிற்றை எடுத்துப் பேட்டரிகளை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். கொக்கியின் முள்ளைத் தட்டிப் பார்த்தார். லாரி ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து, தண்டுக்கும் லாரிச் சட்டத்துக்கும் நடுவே கட்டினார். இது எதற்கு என்று கேட்டேன். கொக்கி விட்டாலும் இது விடாது என்றார். என் பட்டியலில் சங்கிலி கிடையாது.

அதன் பிறகு பத்து மணிக்குப் புறப்பட்டோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், கூலியாட்கள் லாரியின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். குடுவைகளுக்காக மெதுவாகப் போகச் சொல்லியிருந்ததால் மைல் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சமதரையில் பன்னிரண்டு மைலுக்கு மேல் அது போகவில்லை. சரிவு தொடங்கியபோது பத்து. அதற்குப் பிறகு பின்னாலிருந்து யாரோ லாரியைப் பிடித்து இடது வலது என்று அசைப்பது போல இருந்தது. முதலில் மெல்ல. பிறகு ஆசனத்தில் என்னால் நிலையாக இருக்க முடியவில்லை. பிரேக் போடுங்கள் என்று கத்தினேன். "போட்டா ரெண்டு வண்டியும் மடங்கி மோதிக்கும், பேசாம இருங்க" என்றார். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். அவர் அசைக்கவே இல்லை. அவருடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொக்கி விட்ட சத்தம் கேட்டு ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். சங்கிலி இழுத்துப் பிடித்தது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் டிரெய்லர் ஏரிப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. ஏரிப் பக்கம் படித்துறையில் சலவைக்காரர்கள் இருந்தார்கள். எண்ணிப் பார்க்கவில்லை, பத்துப் பேருக்குக் குறையாது. பிறகு சங்கிலி அறுந்தது. டிரெய்லர் பின்பக்கமாகவே உருண்டு சாலையோர மோரிக்குள் இறங்கியது. வால் மோரியில். தண்டு வானத்தில்.

எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் அப்போதுதான் லாரியைத் தாண்டிப் போயிருந்தார். அவர் சைக்கிளோடு மோரிக்குள் குதித்ததைப் பார்த்தேன். டிரெய்லர் அவர் மேல் போனதையும் பார்த்தேன்.

லாரி நின்றதும் இறங்கி ஓடினோம். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆள் போயாச்சு" என்றார். ஹெர்பர்ட் சாலையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

அப்போது மோரியிலிருந்து குரல் வந்தது.

"போகலைய்யா. இங்கதான் இருக்கேன். சைக்கிள் என்ன ஆச்சு, யாராவது பாருங்க."

அவர் பெயர் ஓஸ்வால்ட், தந்தி ஆபீஸ் குமாஸ்தா என்று பிறகு தெரிந்தது. மோரி ஆழமாக இருந்ததால் டிரெய்லரின் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதில் மல்லாந்து கிடந்தார். மேலே இரண்டு பேட்டரி உடைந்து அமிலம் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஏதோ எரிகிறது என்றார். கூட்டத்தில் நாலு பேர் டிரெய்லரை அப்படியே பிடித்துத் தள்ளப் போனார்கள். தள்ளினால் மிச்சப் பேட்டரிகளும் சரிந்து உடையும். தொடாதீர்கள் என்று கத்தினேன். நின்றுவிட்டார்கள்.

அதன் பிறகு நான் படித்துறைக்கு ஓடிச் சலவைச் சோடா கேட்டேன். ஒரு சலவைக்காரம்மா மடியிலிருந்த மூட்டையை அப்படியே கொடுத்தார். "இன்னிக்கு வெள்ளைத் துணிக்குன்னு வெச்சது. கொட்டும்மா, கொட்டு" என்றார். பலகையில் சொட்டும் இடத்தில் எல்லாம் அதைக் கொட்டினேன். பொங்கி அடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஓஸ்வால்டின் கை மேல் ஊற்றச் செய்தேன். அவர், "குளிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். கூட்டம் சிரித்தது. ஹெர்பர்ட் எழுந்தது அப்போதுதான்.

அவர் வந்து இரண்டு சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்தார். உடையாத பேட்டரிகளில் எட்டிய நான்கை நானும் அவரும் கூலியாட்களும் இறக்கி ஓரமாக வைத்தோம். அதன் பிறகு மேலே தூக்கி நின்ற தண்டில் கயிறு போட்டு ஆறு பேர் கீழே இழுத்தார்கள். வால் எழும்பியது. இரண்டு பேர் ஓஸ்வால்டைக் காலைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். வெளியே வந்ததும் அவர் சைக்கிளைத்தான் பார்த்தார். முன்சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. "சரி" என்றார்.

அதற்குப் பிறகு போலீஸார் வந்தார்கள். டிரைவர் யார் என்று கேட்டார்கள். ஹெர்பர்ட் கையை உயர்த்தினார். ஏற்றியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவரை அழைத்துப் போனபோது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நேற்று மாலை பிரின்சிபால் அம்மாளிடம் போய், பாரம் வைத்த விதத்தை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். டிரைவர் சமாசாரத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும், நீ எத்தனை பேட்டரி மிச்சம் என்று எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். ஏழு. இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

இன்று பகல் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஓஸ்வால்டைப் பார்த்தேன். தோள் எலும்பு முறிந்திருக்கிறது. இடது கையில் சின்னக் காயம். வேறொன்றுமில்லை, பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஓஸ்வால்ட், "ஏன் நீங்க விழறீங்க, விழுந்தது நானு" என்றார். அவரிடம் பாரம் ஏற்றியது நான்தான் என்று சொன்னேன். முதல் முதலாக ஒருவரிடம். அவர், "இதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், உள்ளே இருக்கிறவனுக்கு உபயோகமா போய்ச் சொல்லுங்க" என்றார். நேராக இங்கே வந்தேன்.

கேள்வி: மாற்றி ஏற்றாமல் நகரமாட்டேன் என்று டிரைவர் மறுத்திருக்கலாமே?

பதில்: மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் நான் வேறு டிரைவரைக் கூப்பிட்டிருப்பேன். அந்த ஆள் சங்கிலி போட்டிருப்பாரா என்று தெரியாது.

கேள்வி: கல்லூரியில் இதனால் உங்களுக்குத் தொந்தரவு வராதா?

பதில்: வரும். எழுதிக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றியது நான்தான் என்று நிலைய வாசலிலேயே சொல்லிவிட்டேன், என்னால் இப்போது மூச்சு விட முடிகிறது.

இதில் உள்ளவை நான் செய்தவையும் என் கண்ணால் கண்டவையும் மட்டும். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன். "பத்து மைல்" என்பது "பதினெட்டு" என்று இருந்தது, திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எஸ். பாகீரதி

பதிந்தவர் குறிப்பு: அறுந்த சங்கிலியும் வளைந்த கொக்கியும் சாட்சியிடம் காட்டி அடையாளம் பெறப்பட்டன. ஆஸ்பத்திரியில் ஓஸ்வால்ட் கொடுத்த வாக்குமூலம் இதனோடு ஒத்திருக்கிறது. ஹெர்பர்ட்டைச் சொந்த ஜாமீனில் விட இன்ஸ்பெக்டர் உத்தரவு, லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கவும். சாட்சியைத் தேவைப்படும்போது கூப்பிடுவதாகச் சொல்லிப் போகலாம் என்றோம். அவர் போகவில்லை. வராந்தாவில் கேத்தரின் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஹெர்பர்ட் வெளியே வந்தபோது மணி நாலேகால். சாட்சி சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவரும் எழுப்பவில்லை.