குன்றத்தூர் வழி

"சீக்கிரம் போற வழின்னா, அங்க அவருக்குன்னு தனி டம்ளர் எதுக்குக்கா?"

தாம்பரத்தில் மின்ரயில் புறப்படக் காத்திருக்கையில், எதிரில் இருந்தவர் தம் அக்காளிடம் கேட்டார். மகளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை டாக்ஸி ஓட்டுபவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"பூந்தமல்லிக்குக் கிண்டி வழியா போனா நெரிசலாம். அதான் சீக்கிரம்னு எங்கள டாக்ஸில ஏத்திகினு திருநீர்மலை, குன்றத்தூர்னு சுத்திகினு போனாரு. நடுவுல ஒரு டீக்கடை. அந்தப் பொம்பள கேக்காமலே அவருக்குச் சக்கரை இல்லாம ஊத்திக் குடுத்தா."

"டிரைவருன்னா நாலு கடை பழக்கம் இருக்கும்டி."

"எங்களுக்குக் கண்ணாடி கிளாஸு. அவருக்கு எவர்சில்வரு, பேரு வெட்டிகீது. இன்னா பேருன்னு படிக்கறதுக்குள்ள கையால மூடிக்கினாரு."

அக்காள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டியா?"

"அப்புறந்தான். நாளைக்கு நான் மட்டும் பஸ்ல போய், அங்க ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."