பாதி வருமானம் என் பேர்ல

இல்ல தம்பி, சாவி தொலையல. இதுக்குச் சாவியே கெடையாது, நம்பர் பூட்டு. எங்கம்மா பொறந்த நாளப் போட்டுப் பாத்தேன், தொறக்கல. எங்கண்ணனுக்கு எங்க அதெல்லாம் ஞாபகம் இருக்கப் போகுது! நாலு மாடி ஏற வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க, லிஃப்ட்ட நாந்தான் இங்க நிறுத்தி வெச்சிருக்கேன். அது கெடக்கட்டும், மொதல்ல பூட்டப் பாருங்க.

ஆமா, கதவுல எங்கண்ணன் பேருதான் இருக்கு. ஸ்தாத்திஸ். வீடு எங்கம்மாவோடது. அவங்க போனப்புறம் எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. இந்தாங்க பத்திரம், எவாந்தியான்னு போட்டிருக்கா? அது நான். இந்தாங்க என் அடையாள அட்டை. எதுத்த வீட்டுக்காரி எட்டிப் பாக்கறாளா? பாக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்.

நாலு வருஷமா என்ன சொன்னான் தெரியுமா? குழாய் வெடிச்சு சுவரெல்லாம் ஈரம், பூட்டியே வெச்சிருக்கேன்னான். நானும் நம்பினேன். கூடப்பொறந்தவனாச்சே. அந்த ஈரச் சுவத்துக்குள்ளதான் தம்பி, ஊரு ஒலகமெல்லாம் சூட்கேஸ உருட்டிக்கிட்டு வந்து தங்கிட்டுப் போயிருக்கு! பால்கனில நின்னா அக்ரோபொலிஸ் மலைக்கோயில் தெரியுதாம். ஒரு ராத்திரிக்குத் தொண்ணூறு யூரோ.

எப்படித் தெரிஞ்சுதா? போன கோடைல எனக்கு வரிக் கணக்கு எழுதற பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டுச் சொல்றா, டூரிஸ்டுக்கு வீடு விட்டு ஒம்போதாயிரம் யூரோ சம்பாதிச்சிருக்கீங்க, சொல்லவே இல்லையேம்மான்னு. நானா? நான் ஆஸ்பத்திரில பெட்ஷீட் தொவைக்கறவ!

திருட்டா? அங்கதான் இருக்கு அவன் கெட்டிக்காரத்தனம். எல்லாம் சட்டப்படி. மொத்தம் வந்தது பதினெட்டாயிரம். ஒத்த ஆள் பேர்ல காமிச்சா, பன்னெண்டாயிரத்துக்கு மேல இருக்கறதுக்கு வரி எகிறிடும். அதனால என் வரி எண்ணப் போட்டு, பாதி அவனுக்கு, பாதி எனக்குன்னு ஒழுங்கா எழுதி அனுப்பிட்டான். எழுத்துல பாதி. கைல? ஒரு காப்பிக் காசு வரல. ஆயிரத்து முன்னூத்தம்பது வரி மட்டும் என் தலைல.

கேக்காம இருப்பேனா? போன் பண்ணினேன். வீட்டப் புதுப்பிச்ச செலவுல உன் பங்கக் கழிச்சுக்கிட்டேன், கோவப்படாத, அடுத்த ஈஸ்டருக்கு வா, ஆட்டுக்குட்டி சுடறோம்ங்கறான். ஆட்டுக்குட்டியா? என் வயிறு எரியுதுடா, அதுல வெச்சுச் சுடுன்னு போன வெச்சுட்டேன்.

வரியோட போச்சா? நான் குடியிருந்த வீட்டு வாடகைக்கு அரசாங்கம் உதவித்தொகை குடுத்துச்சு. அதையும் நிறுத்திட்டாங்க, வருமானம் கூடிப்போச்சாம். ஆபீஸ்ல போய்க் கத்தினேன். அங்க இருந்த அம்மா நல்ல மனுஷிதான். ஆனா கணக்குல இருக்கே, நான் என்னம்மா செய்யட்டும்ங்கறா. வாங்காத காசுக்கு நான் பணக்காரி!

என்ன, ட்ரில் போடணுமா? போடுங்க. சத்தம் வந்தா வரட்டும். அவன் சண்டைக்கு வருவானா? வரட்டுமே. இந்தக் காகிதத்த நீட்டுவேன். இந்த வீட்டு வருமானத்துல பாதி என் தங்கச்சிக்குன்னு அவனே அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தது. இப்ப இல்லன்னு சொல்லட்டும் பாப்போம்.

தொறந்துடுச்சா? அப்பாடா. கையக் குடுங்க தம்பி, நல்லா இருப்பீங்க.

மூணு மணிக்கு யாரோ புதுசா வராங்களாம், கீழ பேக்கரிக்காரி சொன்னா. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க, தெருவுல விடமாட்டேன். ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு.

இருங்க தம்பி, போயிடாதீங்க, ஒரு கை பிடிங்க. லிஃப்ட்ல ஆறு மூட்டையும் ஒரு மெத்தையும் இருக்கு. மெத்தைதான் கனம். நாலு மாச வாடகை பாக்கி, காலைல வீட்டுக்காரர் என்னக் காலி பண்ண வெச்சுட்டாரு. அவரும் டூரிஸ்டுக்கு விடப் போறாராம்.