முதலில் கையை எடுப்பது யார்

வானதி: ...சரி, மறுபடியும் முதல்லேருந்து வருவோம். நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க?

நெய்னா: டயட்டீஷியன் மேடம், இதோட மூணாவது தடவை. போலீஸ் ஸ்டேஷன்ல கூட ரெண்டு தடவைதான் கேப்பாங்க.

வானதி: அங்க போன அனுபவம் இருக்கா?

நெய்னா: பாஸ்போர்ட்டுக்கு...

சஃபியா: விளையாடாதீங்க மச்சான். அதிராம்பட்டினத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி தஞ்சாவூருக்கு வந்தது இதுக்கா? கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க.

நெய்னா: ஒரு முட்டை, வெள்ளைக்கரு மட்டும். அரை இட்லி. இருபது நிமிஷம் மென்னேன்.

வானதி: வாந்தி?

நெய்னா: இல்ல.

வானதி: பதினோரு மணிக்கு?

நெய்னா: மோர். நீங்க குடுத்தீங்களே ஒரு கிளாஸ், மருந்து ஊத்துற மூடி மாதிரி... அதுல. கடைக்கு வர்றவங்க பார்த்துட்டுக் கேக்குறாங்க, என்ன நெய்னா முகம்மது, பொம்மைக் கல்யாணத்துக்கும் பாத்திரம் வாடகைக்கு விடுறியான்னு.

வானதி: கேக்கட்டும். வாந்தி?

நெய்னா: இல்ல.

வானதி: மத்தியானம்?

சஃபியா: மீனு மேடம். முள்ளெடுத்து, மசிச்சு, கடைக்கே குடுத்து விட்டேன். டப்பா திரும்பி வருது, பாதி அப்படியே இருக்கு. எங்க வீட்டுக் கோழி கூட அதைவிடக் கூடுதலாத் திங்கும்.

வானதி: அவ்வளவு போதும்க்கா. எடை குறையணும்னு வயித்துல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்தாச்சு. இப்ப உள்ள இருக்கறது ஒரு வாழைப்பழம் கனத்துக்கு ஒரு குழாய். அவ்வளவுதான்.

சஃபியா: வெட்டினதை என்ன பண்ணுவாங்க மேடம்?

நெய்னா: பாருங்க, அஞ்சு மாசமா இதையேதான் கேக்குறா.

வானதி: சோதனைக்கு அனுப்புவாங்கக்கா.

சஃபியா: பசி? அது எங்க போச்சு? அதையும் சேர்த்து வெட்டிட்டாங்களா?

வானதி: கிட்டத்தட்ட அப்படித்தான். பசியைத் தூண்டுற சுரப்பு அந்தப் பக்கத்துலதான் அதிகம்.

சஃபியா: நெனச்சேன். பசியையும் எடுத்துட்டு, பாதி ஆளையும் எடுத்துட்டு அனுப்பிட்டாங்கன்னு.

நெய்னா: பாதி இல்லடி. முப்பத்தெட்டு கிலோ. நூத்தி முப்பத்தி நாலுலேருந்து தொண்ணூத்தாறு.

வானதி: நீங்களும் அந்த மெஷின்ல ஏறுங்கக்கா. எடை பார்த்துடலாம்.

சஃபியா: எனக்கு எதுக்கு? நோயாளி அவங்கதானே.

நெய்னா: ஏறேன், என்ன பயம்? மேடம், ரெண்டு வாரமா வளையலைக் கழட்ட முடியாம சோப்புப் போட்டுக்கிட்டிருக்கா.

சஃபியா: அது வெயிலுக்கு வீங்குது. நீங்க அவங்களைப் பாருங்க மேடம்.

வானதி: சரி, விடுங்க. சாயங்காலம்?

நெய்னா: ஒரு பிடி சுண்டல். வாந்தி இல்ல. நானே சொல்லிட்டேன்.

வானதி: ராத்திரி?

சஃபியா: ராத்திரி வந்துச்சு மேடம். கொல்லைப்பக்கம் ஓடினாங்க. நான் முதுகைத் தடவிக்கிட்டு நின்னேன்.

வானதி: ராத்திரி மட்டும். மூணு வாரமா ராத்திரி மட்டும். இதுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. சாயத்தைக் குடிக்க வச்சுப் படம் எடுத்தாச்சு. தண்ணி வாய்க்கால்ல ஓடுற மாதிரி ஓடுது. பகல்ல திறந்திருக்கற வழி, ராத்திரி எப்படி அடைக்கும்?

நெய்னா: எங்க தெருவுல கடையெல்லாம் இஷா தொழுகைக்கு அடைச்சுருவாங்க மேடம்.

வானதி: சிரிக்கிற விஷயம் இல்ல சார். இன்னிக்குக் காரணம் தெரியலைன்னா, திங்கக்கிழமை உங்களைச் சேர்த்துடச் சொல்லிட்டாரு டாக்டர். குழாய் விட்டுப் பார்ப்பாங்க. உள்ள சுருங்கியிருந்தா... மறுபடியும் ஆபரேஷன் வரைக்கும் போகலாம்.

சஃபியா: மறுபடியுமா... யா அல்லாஹ்.

நெய்னா: இதைப் போன்ல சொல்லலையே நீங்க.

வானதி: சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?

நெய்னா: ...கல்யாண சீசன். இருபத்தெட்டு பிரியாணி தேக்சா வாடகைக்குப் போய் வெளியில நிக்குது.

வானதி: அதான் சொல்லல. இப்ப உண்மையைச் சொல்லுங்க. ராத்திரி எத்தனை வாய் சாப்பிடுறீங்க?

நெய்னா: எண்ணறதில்ல மேடம்.

வானதி: பகல்ல எண்ணுறீங்களே?

நெய்னா: பகல்ல நான் தனியா இருக்கேன்.

வானதி: ம்... சாப்பிடும்போது மூக்கு ஒழுகுமா?

சஃபியா: ஒழுகும் மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ராத்திரிச் சோத்துல கை வச்சா ஜலதோஷம் வந்துரும் அவங்களுக்கு. நானும் மிளகு, தூதுவளைன்னு போட்டுப் பார்த்துட்டேன்.

வானதி: அக்கா, அது ஜலதோஷம் இல்ல. வயிறு நெறஞ்சிருச்சுன்னு உடம்பு சொல்றது. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் ஒருத்தருக்கு விக்கல் வரும், ஒருத்தருக்குத் தும்மல் வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும். வந்தவுடனே நிறுத்திடணும். இதை நான் சாருக்குச் சொல்லியிருக்கேன்.

சஃபியா: சொன்னாங்களா மச்சான்?

நெய்னா: சொன்னாங்க.

சஃபியா: அப்ப ஏன் என்கிட்ட ஜலதோஷம்னு சொன்னீங்க?

நெய்னா: ...தூதுவளை ரசம் நல்லா இருந்துச்சு.

வானதி: அக்கா, கொஞ்சம் இருங்க. சார், இது எப்ப ஆரம்பிச்சுது? கரெக்டா எந்த நாள்?

நெய்னா: கெட்டியாச் சாப்பிடலாம்னு நீங்க சொன்னீங்கள்ல, அன்னிக்கு ராத்திரிலேருந்து. அதுவரைக்கும் கஞ்சித்தண்ணி, அரைச்சது, மசிச்சதுன்னு கிண்ணத்துல தனியாத்தான். அன்னிக்குத்தான் மறுபடியும் தட்டுல உக்காந்தேன்.

வானதி: தட்டுலன்னா?

நெய்னா: எங்க தட்டு.

வானதி: உங்க தட்டா, அக்கா தட்டா?

சஃபியா: ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.

வானதி: புரியல.

நெய்னா: சஹன் பார்த்திருக்கீங்களா? பெரிய தட்டு. எங்க ஊர்க் கல்யாணத்துல ஒரு சஹனைச் சுத்தி நாலு பேரு உக்காந்து சாப்பிடுவாங்க. என் கடையிலயே முந்நூறு கெடக்கு. கல்யாணம் ஆன புதுசுல, ஓரம் நெளிஞ்சதுன்னு ஒண்ணை வீட்டுக்குக் கொண்டாந்தேன். இருபத்திரண்டு வருஷமா ராத்திரிச் சாப்பாடு அதுலதான். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் இவ. புள்ளைங்க சின்னதா இருந்தப்ப நடுவுல அதுங்க. இப்ப அதுங்க சென்னையில.

வானதி: இதை ஏன் அஞ்சு மாசமா சொல்லவே இல்ல?

நெய்னா: என்ன சாப்பிடுறேன்னுதானே கேட்டீங்க. எதுல சாப்பிடுறேன்னு கேக்கலையே.

வானதி: அதுவும் சரிதான். பையில என்ன இருக்குக்கா?

சஃபியா: இடியாப்பம், கோழி ஆனம், அதான் கொழம்பு. திரும்பிப் போறப்ப பஸ்ல பசிச்சா...

வானதி: பிரிங்க.

சஃபியா: இங்கயா?

வானதி: இங்கதான். அந்த டப்பா மூடி பெருசா இருக்கு, அதைத் தட்டா வச்சுக்குங்க. வீட்டுல எப்படியோ அப்படி. நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க.

நெய்னா: மேடம், ஆஸ்பத்திரியில...

வானதி: என் ரூமு, நான் சொல்றேன். கை கழுவ அந்தக் கதவு. மணி ஒண்ணரை. பார்ப்போம்.

சஃபியா: இந்தப் பக்கம் உக்காருங்க மச்சான். ஆனம் ஊத்தட்டா?

நெய்னா: கொஞ்சமா. பிஸ்மில்லாஹ்.

சஃபியா: காரம் கம்மியாத்தான் போட்டேன்.

நெய்னா: நல்லா இருக்கு. நீ சாப்பிடு.

சஃபியா: சாப்பிடுறேனே. இந்தத் துண்டை எடுங்க, எலும்பு இல்லாதது.

வானதி: நாலு நிமிஷம். நாலாவது வாய். சார், மூக்கைத் துடைச்சுக்குங்க.

நெய்னா: அது ஆனத்தோட ஆவி...

வானதி: ஆவிதான். சாப்பிடுங்க.

நெய்னா: நீ ஏன் நிறுத்திட்ட?

சஃபியா: நிறுத்தலையே. நீங்க?

நெய்னா: நானும்தான்.

வானதி: ஆறு. ...ஏழு. சார், நெஞ்சுல என்ன பண்ணுது?

நெய்னா: ஒண்ணும் இல்ல.

வானதி: நெத்தியில வேர்க்குது. மேல ஃபேன் ஓடுது. ...எட்டு.

நெய்னா: இவ முடிக்கட்டும் மேடம்.

வானதி: நிறுத்துங்க. கையை எடுங்க சார்.

நெய்னா: இல்ல மேடம், இன்னும் இவ...

வானதி: எடுங்கன்னு சொல்றேன். மூச்சை மெதுவா விடுங்க. வருதா? அந்த பேசின்...

நெய்னா: வேண்டாம். ...அடங்கிருச்சு.

சஃபியா: தண்ணி குடுக்கட்டா?

வானதி: தண்ணி கூடாதுக்கா, அரைமணி நேரம் கழிச்சுத்தான். சார், நாலாவது வாயிலேயே உங்களுக்கு நெறஞ்சிருச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அப்புறம் நாலு வாய் யாருக்கு? ஆசையா? இருந்தா சொல்லுங்க, தப்பே இல்ல. நிறைய பேருக்கு வயித்தை வெட்டினாலும் நாக்கு அப்படியேதான் இருக்கும்.

நெய்னா: ஆசை எல்லாம் இல்ல மேடம். மூணு வாய்க்கு மேல சோறு எனக்கு மண்ணு மாதிரி இருக்கு.

வானதி: அப்புறம்?

நெய்னா: சஹன்ல ஒரு முறை இருக்கு. தனக்கு நெறஞ்சிருச்சேன்னு சட்டுன்னு கையை எடுத்துரக் கூடாது. ஒருத்தர் எடுத்தா கூட உக்காந்தவங்களுக்குக் கூச்சமாப் போயிரும், அரை வயித்தோட எந்திரிச்சிருவாங்க. சின்னப் புள்ளையிலேருந்து பழகினது. பந்தியில தெரியாத ஆளுக்கே அப்படிப் பார்ப்போம். இவ எனக்குத் தெரியாத ஆளா?

சஃபியா: என்ன சொல்றீங்க மச்சான்...

நெய்னா: நான் எடுத்தா நீ எடுத்துருவ. அதான் சொல்றேன்.

வானதி: சும்மா விரலை அளைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கலாமே?

நெய்னா: முதல் நாள் அதைத்தான் பண்ணேன். இவ கண்டுபிடிச்சுட்டா. என் பக்கம் சோறு குறையலைன்னு பார்த்துக்கிட்டே இருப்பா. குறையணும்னா வாய்க்குத்தான் போகணும்.

சஃபியா: பார்க்காம என்ன பண்றது? மேடம், உங்களுக்குத் தெரியாது. முன்னாடி இவங்க தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வரும். அடுத்த மூச்சு வருதா வருதான்னு நான் பக்கத்துல முழிச்சுக்கிட்டு இருப்பேன். அதுக்காகத்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டேன். இப்ப குறட்டையும் இல்ல, சத்தமும் இல்ல... அதுக்கும் முழிச்சுக்கிட்டு இருக்கேன். தெருவுல ஒவ்வொருத்தரா கேக்குறாங்க, நெய்னாவுக்கு என்ன, ஏதும் பெரிய வியாதியான்னு. அவங்க சட்டை எல்லாம் கொடியில வேற யாரோ சட்டை மாதிரி தொங்குது. சோறு உள்ள போறதைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு மனசு ஆறுது.

வானதி: போன சோறு அப்படியே வெளியில வருதேக்கா.

நெய்னா: அவளைத் திட்டாதீங்க மேடம். தப்பு என்னுதுதான். நான் கஞ்சித்தண்ணி குடிச்ச நாலு மாசம் இவ சோத்துல கை வச்சு நான் பார்த்ததே இல்ல. எப்ப கேட்டாலும் "அப்புறம், அப்புறம்". என்னால இவ பட்டினி கெடக்குறான்னு நான் எத்தனை நாள் நெனச்சிருக்கேன். மறுபடியும் தட்டுல உக்காந்தப்ப, இவ நல்லா ரெண்டு பிடி சாப்பிடுறதைப் பார்த்தேன். அதைக் கெடுக்கக் கூடாதுன்னுதான். வாந்தி என்ன வாந்தி, எடுத்துட்டுப் படுத்தா ஆச்சு.

வானதி: திங்கக்கிழமை உங்களைப் படுக்க வச்சு வாய்க்குள்ள குழாய் விடுறதுக்கும் அதுதான் காரணமா இருந்திருக்கும்.

நெய்னா: ...ஆமா.

வானதி: ஒரு விஷயம் மட்டும் இன்னும் இடிக்குது. பட்டினி கிடக்கிறவங்களுக்கு வளையல் இறுகாதே?

நெய்னா: அது வெயிலுக்கு...

வானதி: சார், நீங்க சும்மா இருங்க. அக்கா, விடிகாலையில கிளம்பி வந்திருக்கீங்க. இப்ப மணி ஒண்ணே முக்கால். அவர் எட்டு வாய் சாப்பிட்டாரு, நீங்க மூணு. மீதி நேரம் எல்லாம் அந்த இடியாப்பத்தையே பிசைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. ஏன் பசிக்கல?

சஃபியா: பசிக்கலைங்க...

வானதி: ஏன்?

சஃபியா: ...பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல, அவங்க ஒண்ணுக்குப் போனப்ப... ரெண்டு பரோட்டா.

நெய்னா: எனக்குத் தெரியாமலா?

சஃபியா: உங்க முன்னாடி எப்படித் திங்கிறது மச்சான்? நீங்க தினமும் அந்த மூடியில மோர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. வாசனை கூட உங்க பக்கம் வரக் கூடாதுன்னு முந்தானையால மூடிக்கிட்டு நின்னு தின்னேன்.

வானதி: அப்ப ராத்திரி?

சஃபியா: ராத்திரியும் அதேதான் மேடம்... கஞ்சித்தண்ணிக் காலத்துலேருந்து, அவங்க கடையிலேருந்து வர்றதுக்குள்ள, மஃரிப் தொழுகைக்கு முன்னாடியே அடுப்படியில நின்னுக்கிட்டு நான் சாப்பிட்டுருவேன். மூணு வாரத்துக்கு முன்னாடி அவ்வளவு ஆசையா சஹனைக் கழுவி எடுத்துக்கிட்டு வந்து வச்சாங்க. நான் சாப்பிட்டாச்சுன்னு எப்படிச் சொல்றது? உக்காந்தேன். எனக்கும் தொண்டை வரைக்கும் நெறஞ்சுதான் இருக்கும். நான் கையை எடுத்தா இவங்களும் எடுத்துருவாங்களேன்னுதான்... நானும் எடுக்கல.