எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அவருக்கு அருகில் வீற்றிருக்கும் எங்கள் செவிலியர் தலைவி மேட்ரன் அம்மா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மடியில் உறங்கும் பிள்ளை விழித்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சிக் கைதட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பகல் பணி முடித்து வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கால் வலிக்கிறது என்பதையே கண்டுகொண்ட என் சக செவிலியர்களே, அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இந்த மருத்துவமனையில் இருக்கும் ஆண் செவிலியர்களில் நான் ஒருவன். ஊசியோடு நான் உள்ளே நுழைந்தால் நோயாளிகள் நிமிர்ந்து உட்கார்ந்து, "டாக்டர்" என்பார்கள். டாக்டர் இல்லை ஐயா, நர்ஸ் என்று சொன்னால், முகம் வாடி மறுபடியும் படுத்துக்கொள்வார்கள். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இந்த மாலையில் நான் உங்களுக்குத் தரமுடிந்த சிரிப்பு அவ்வளவுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொண்டில் காணும் இன்பம்'. எனக்கு முன் பேசிய பெரியவர் எங்களைத் தேவதைகள் என்றார். அவர் வாய்க்கு நன்றி. ஆனால் பெரியவரே, தேவதைக்குப் பசி உண்டா? தேவதைக்கு இடுப்பு வலிக்குமா? தேவதையின் வயிற்றில் பிள்ளை வளருமா? எங்களுக்குப் பசிக்கும். எங்களுக்கு வலிக்கும். எங்கள் வயிற்றில் பிள்ளையும் வளரும். அப்படி வளர்ந்த ஒரு பிள்ளையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பெண்கள் எலும்பு முறிவு வார்டில் ஒரு செவிலியர் இருக்கிறார். எல்லோரும் அவரைச் சின்னக்கா என்போம். முன்பு அதே வார்டில் பெரியக்கா என்று ஒருவர் இருந்தார். இரண்டு அக்காக்களும் சேர்ந்து அந்த வார்டையே தோளில் சுமந்தார்கள். பெரியக்கா ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. சின்னக்கா மட்டும் தனியாக நின்றார். இதைச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். "சொல்லு தம்பி. ஆனா அழுதுகிட்டு சொல்லாத" என்றார். முயல்கிறேன்.

எலும்பு முறிவு வார்டு வேலை என்னவென்று அறிவீர்களா? அங்கே படுத்திருப்பவர்கள் தாமாகப் புரள முடியாதவர்கள். புரட்ட வேண்டும். தாமாக எழ முடியாதவர்கள். தூக்க வேண்டும். முதுகில் புண் வராமல் துடைக்க வேண்டும், மலம் எடுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், ஏன் இவ்வளவு நேரம் என்று ஏசுகிற உறவினருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கட்டிலில் கூப்பிடும்போதே இன்னொரு கட்டிலில் அழுவார்கள். எந்தக் குரலுக்கு ஓடுவது? எந்தக் குரலைக் கேளாதது போல் கடப்பது?

இதில் இன்பமே இல்லையா என்று கேட்கிறார் அந்த வரிசையில் ஓர் அம்மா. இருக்கிறது அம்மா. சின்னக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் ஒருநாள் எழுந்து நின்று முதல் அடி எடுத்து வைப்பாராம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் சின்னக்காவின் தோளை இறுக்கிப் பிடிப்பாராம். "அந்தப் பிடி போதும் தம்பி" என்றார். இந்த வேலையில் நாங்கள் காணும் இன்பம் அதுதான். நீங்கள் கொடுத்த தலைப்புக்கு நியாயம் செய்துவிட்டேன்.

சின்னக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். இருவரும் வெகுகாலம் காத்திருந்து, விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்பவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பிறகு, அவர் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. பிரசவப் பிரிவு மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கனம் எதையும் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தூக்குவதே தொழிலாக உள்ள பெண்ணிடம் சொன்னார்.

சின்னக்கா மேட்ரன் அம்மாவிடம் போனார். அம்மா, உங்களை மேடையில் வைத்துக்கொண்டே பேசுகிறேன், குறை சொல்ல அல்ல. புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று அவர் கேட்டபோது நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குத் தெரியும். "உன் இடத்துக்கு ஒரு ஆளைக் காட்டும்மா, இந்த நிமிஷமே மாத்தறேன்." காட்ட ஆள் இல்லை. நீங்கள் மேலிடத்துக்கு எழுதினீர்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள். வயிற்றுப் பிள்ளை பரிசீலனைக்குக் காத்திருக்குமா?

நோயாளிகளைத் தூக்கும் வேலையை உதவியாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு ஆனது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வார்டுக்கும் எதிரே நான் பார்க்கும் வார்டுக்கும் சேர்த்து ஓர் உதவியாளர்தான்.

ஒரு முற்பகல். உதவியாளர் ஒரு நோயாளியை எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். சின்னக்கா ஒரு கட்டிலருகே நின்று கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டிலில் காய்கறி விற்கும் ஓர் அம்மா. நல்ல ஆகிருதி. தொடை எலும்பில் அறுவை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தண்ணீர் பாட்டிலை எடுக்கலாம் என்று எட்டினார். உடம்பு கட்டிலின் விளிம்பு தாண்டிச் சரிந்தது.

அந்த ஒரு கணத்தில் சின்னக்கா என்ன நினைத்தார் என்று நான் கேட்டேன். எதுவும் நினைக்கவில்லை என்றார். கை தானாகப் போய்விட்டது என்றார். விழுகிற உடம்பைக் கண்டால் தாங்கு என்றுதான் அந்தக் கைகளைப் பழக்கியிருந்தோம். அந்தக் கைகளுக்கு வேறென்ன தெரியும்? இரண்டு கைகளாலும், நெஞ்சாலும், வயிற்றாலும் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டார். எதிர் வார்டில் நான் இருந்தேன். அங்கே நானும் ஒற்றை ஆள், என் காதுக்கு அந்தக் குரல் எட்டவில்லை. யாரையோ பார்க்க வந்த ஒருவர் ஓடிவந்து பிடிக்கும் வரை அவர் விடவில்லை. கட்டிலில் ஏற்றியதும் அந்த அம்மா, கால் இடித்துவிட்டதே, மெதுவாகப் பிடிக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டாராம். சின்னக்கா மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

சற்று நேரத்தில் அடிவயிற்றில் வலி தொடங்கியது. பிரசவப் பிரிவு அதே வளாகத்தில்தான், மரங்களைக் கடந்தால் அடுத்த கட்டடம். ஏன் உடனே போகவில்லை? நீங்கள் கேட்கிறீர்கள், நானும் கேட்டேன். யாரிடம் விட்டுப் போவது? அறுவை முடிந்த இருவர் இன்னும் மயக்கம் தெளியவில்லை. இன்னொருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதை விட்டு நகரலாமா? தொலைபேசியில் மாற்று ஆள் கேட்டார். பார்க்கிறோம் என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மருந்து கொடுத்தார். அடுத்த பணிக்கு ஆள் வந்த பிறகு, ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ததைச் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லி, வார்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, மரங்களைக் கடந்து தானே நடந்துபோனார்.

போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேறு கட்டில் இல்லை என்று, பிள்ளை பெற்றவர்கள் நடுவில்தான் அவரைப் படுக்க வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிறது, அந்தப் பக்கம் ஒரு குழந்தை பால் குடிக்கிறது, நடுவில் சின்னக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். கணவர் ஓட்டுநர் சீருடையோடு ஓடிவந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நடைவழிக்கு வந்தார். அங்கே நின்றுகொண்டிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தணிந்த குரலில் கேட்டார்.

"எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே இருந்தீங்க?"

பெரியோர்களே, அந்தக் கேள்வியை இப்போது உங்கள் முன் வைக்கிறேன். மருந்துக்கு நடுவில், மருத்துவர்களுக்கு நடுவில், மருத்துவமனைக்கு நடுவில், ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் கேட்பாரற்று நின்றாள் என்றால், என்ன பதில் சொல்வது?

ஓய்வு முடிந்து சின்னக்கா திரும்பி வந்தார். அதே வார்டு, அதே கட்டில்கள். காய்கறி விற்கும் அம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று சின்னக்கா சொல்லியனுப்பியிருந்தார். இத்தனை நாளும் அந்தப் பெண் எங்கே, அவள் கை பட்டால்தான் எனக்கு வலிக்காது என்று வருகிற செவிலியரையெல்லாம் அந்த அம்மா துளைத்தெடுத்திருந்தார். சின்னக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்து, "எங்கம்மா போயிட்ட, ஊருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. ஊருக்குத்தான்."

சொல்லிவிட்டு, அவரைப் புரட்டி முதுகு துடைத்தார்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். நீங்கள் தட்டத் தட்டத்தானே எங்களைத் தேவதை ஆக்குகிறார்கள், தேவதைக்கு எதற்குத் துணை ஆள் என்று மேலிடம் கேட்கிறது!

விட்டுவிட்டுப் போய்விடுங்களேன் அக்கா என்று ஒருநாள் நானே சொன்னேன். "நான் போனா என் இடத்துக்கு யாரையும் போட மாட்டாங்க. நீ ரெண்டு வார்டு பாக்கணும். பாப்பியா?" என்றார். மனநிறைவோடு வேலை செய்கிறோமா என்று கேட்கிறீர்களே, எங்களில் எத்தனை பேர் இப்படித்தான் நிற்கிறோம் தெரியுமா? போனால் இன்னொருத்தியின் முதுகு முறியும் என்பதற்காக நிற்கிறோம். அன்பு எங்களை இங்கே அழைத்துவந்தது உண்மை. இன்று எங்களைக் கட்டிப்போட்டிருப்பது அந்தப் பயம்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன் ஐயா.

நம்பிக்கையாக ஒரு சொல் சொல்லி உங்களை அனுப்பத்தான் ஆசை. தேடிப் பார்த்தேன், என்னிடம் இல்லை. அந்த வார்டுக்கு இன்றுவரை இன்னொரு செவிலியர் வரவில்லை. பரிசீலனை முடியவில்லை. இந்த வாரம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது ஓர் இளம் செவிலிப் பெண் வந்து எதிரில் நின்றாள். அண்மையில் திருமணம் ஆனவள். சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிள்ளை உண்டாகியிருக்கிறதாம். கனம் தூக்காத பிரிவுக்கு மாற்றச் சொல்லி யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்றாள். மேட்ரன் அம்மாவிடம் கேள் என்றேன்.

"கேட்டா கெடைக்குமா அண்ணா?" என்றாள்.

அந்தப் பெண் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாரென்று திரும்பிப் பார்க்காதீர்கள், கூசிப்போவாள். நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மேடையில் இருக்கும் பெரியோர்களே, இங்கே யாரிடமாவது அந்தப் பதில் இருந்தால், நான் இறங்கிய பிறகு இந்த ஒலிபெருக்கி முன் வந்து அவளிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் பொறுமைக்கு என் நன்றி. கைகூப்பி விடைபெறுகிறேன், வணக்கம்.