லூமுட் பஸ்ஸுக்கு நேரம் இருக்கு

இல்லண்ணே, அதைக் கீழ வைங்க. அந்த கம்ப்யூட்டர் போர்டு வேணாம். மேல பளபளன்னு இருக்குன்னு பாக்காதீங்க, திருப்பிப் பாருங்க. ஈயம் ஊத்தினவன் அவசரத்துல ஊத்தியிருக்கான், எறும்புப் புத்து மாதிரி நிக்குது. இது ரெண்டு மாசம் ஓடும். அப்புறம் நீங்க லூமுட்லருந்து பஸ் ஏறி என்னைத் தேடி வருவீங்க, அடிக்க. நேவி ஆளு அடிச்சா நம்ம ஒடம்பு தாங்காது, தாஹான் பண்ணாதுலா.

ஆமா, போன வாரம் இதே போர்டை நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன். அது போன வாரம். உக்காருங்க. அந்த ஸ்டூல் இல்ல, இதுல. இன்னும் கொஞ்சம் இப்படி, வாசலுக்கு நேரா. ரோட்டுலருந்து பாத்தா உங்க முகம் தெரியணும். சும்மாதான், கடையில ஆள் இருக்குன்னு தெரியட்டும்.

முதலாளி இல்லண்ணே. ஜைனுலாப்தீன் பாய் பினாங்குக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்காரு, நாளைக்குத்தான் வருவாரு. நேத்து வரைக்கும் ரேடியோவும் கைக்கெடிகாரமும் வித்த மனுசன், இப்ப கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு அலையிறாரு. கடையில அதைத் தொடத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ஃபாரம் த்ரீயோட ஸ்கூல் என்னை விட்டு ஓடிப்போச்சு. பஸ்ல டிக்கெட் கிழிச்சேன், கார் கழுவினேன், படக்கொட்டகையில கச்சான் கடலை வித்தேன். எங்கயும் ஒரு வருசம் தாண்டல. இந்தப் பொட்டிகிட்ட மட்டும் உக்காந்துட்டேன். இது கேள்வி கேக்காதுல்ல.

சரி, திரும்பச் சொல்லுங்க. நாலு பேரு தூங்கற ரூம். உங்களுக்குன்னு ஒரு கட்டில், சாமான் வைக்க ஒரு லாச்சி, தலமாட்டுல முழங்கை அகலத்துக்கு ஒரு மேசை. அதுல கம்ப்யூட்டர் நிக்கணும். கேம் வெளாடணும். வேற கப்பலுக்கு மாத்திட்டா ஒத்தக் கையில தூக்கிட்டுப் போகணும். கையில இருக்கற காசுக்குள்ளயும் முடியணும். பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தன கண்டிசன் போட மாட்டீங்கண்ணே.

அப்ப தனிப் பொட்டி, தனிக் கீபோர்டு எல்லாம் ஒத்து வராது. இந்தா, இந்த கேசிங் எடுங்க. கீபோர்டும் பொட்டியும் ஒண்ணாவே வருது, தைவான் சாமான். டைப்ரைட்டர் மாதிரி இருக்கா? அதான் நல்லது, ஆபீசரு கேட்டா லெட்டர் அடிக்கறேன்னு சொல்லிக்கலாம். போர்டு இதுக்குள்ளதான் படுக்கும். சின்னப் பொட்டின்னா ஒரு தொல்லை, சூடு. காத்துப் போக எடமில்ல. மேல புஸ்தகம் கிஸ்தகம் வைக்கக்கூடாது, ஈரத்துண்டு காயப் போடக்கூடாது. சிரிக்காதீங்க, ஒரு வாத்தியாரு போட்டாரு.

என்ன? எங்க பாக்குறேன்? எங்கயும் பாக்கலையே.

எதிர்க்க கோப்பிக் கடையில, தூணு பக்கத்து மேசையில வெள்ளைச் சட்ட போட்ட ஆளு, இன்னும் இருக்காரா? நேராப் பாக்காதீங்கண்ணே. கேசிங்கைத் தூக்கி வெளிச்சத்துல பாக்கற மாதிரி பாருங்க. ஆ, அப்படித்தான். இருக்காரா. சரி. இருக்கட்டும்.

யாருமில்ல. ரேடியோ ரிப்பேருக்குக் குடுத்தவரு. நான் இன்னும் பாக்கல, அதான்.

உள்ள வந்தா வரட்டும்னு ஈசியாச் சொல்றீங்க. அந்த ஆளு இந்தக் கடைக்குள்ள வரக்கூடாதுண்ணே. அவ்வளவுதான். நீங்க இங்க உக்காந்திருக்கற வரைக்கும் வர மாட்டாரு, அது எனக்கு நல்லாத் தெரியும். அதனால நாம பொறுமையாப் பாப்போம். மொத கம்ப்யூட்டர், நல்லாப் பாக்காம சிஞ்சாயா வாங்கிட்டுப் போகலாமா?

இப்ப மெமரி. நாப்பத்தெட்டு கே இருக்கு, அறுபத்து நாலு கே இருக்கு. அறுபத்து நாலு எடுங்க. சாப்பாட்டுத் தட்டு மாதிரின்னு வெச்சுக்குங்க. சின்னத் தட்டுன்னா கேம் பாதி வெளிய வழியும். இப்ப வர்ற புது கேமெல்லாம் பெரிய தட்டு கேக்குது. இந்த எடத்துல காசைப் பாக்காதீங்க, டிவியில மிச்சம் புடிச்சுக்கலாம். கலர் எதுக்கு உங்களுக்கு? சின்னக் கறுப்பு வெள்ளை டிவி, கைப்புடி வெச்சது, லூமுட் பசார்லயே பழசு கெடைக்கும். ஏரியல் சொருகற ஓட்டையில இந்தக் குட்டிப் பொட்டியைச் சொருகினா கம்ப்யூட்டர் படம் டிவியில வரும். எதிரி கப்பல் கறுப்பா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்ன, சுட்டா செத்…

சுட்டா போயிரும்.

அப்புறம் பவர் சப்ளை. இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது. வாங்கறவன் எல்லாரும் இதுலதான் பண்றான். கண்ணுக்குத் தெரியாத சாமான், எவன் கேக்கப் போறான்னு. ஆயர் தாவார்லருந்து ஒருத்தரு வந்தாரு, மலிவாக் குடு மலிவாக் குடுன்னு உசிர எடுத்தாரு. குடுத்தேன். அவரு இருக்கறது கரண்டு ஏறி எறங்கற ஊரு. ஒரு நாள் இது போச்சு. மத்த சாமான் போனா அது தனியாப் போகும்ணே. இது போச்சுன்னா தன்னோட எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும். போர்டு, மெமரி, எல்லாம் ஒரே நாள்ல. வீட்டுக்குப் பெரியவங்க மாதிரி அது. இருக்கறவரைக்கும் இருக்குன்னே தெரியாது.

தண்ணி குடிக்கிறீங்களா? நான் குடிச்சுக்கறேன்.

ஸ்குரூ சின்னது. அதான் கீழ விழுந்துருச்சு. இருங்க எடுக்கறேன். மேசைக்கு அடியில போயிருச்சு, நீங்க வாசலை மட்டும் பாத்துக்குங்க. அவரு எந்திரிச்சா சொல்லுங்க. எந்திரிக்கலையே?

ரேடியோக்காரர் இல்லண்ணே. சரி, சொல்றேன். அது கேங் ஆளு. பயங்கரமான ஆளு. பேரைச் சொன்னா ஈப்போவே கடையடைச்சிரும். ஏண்ணே சிரிக்கிறீங்க? கேங் ஆளு சட்டையத் தேச்சு, மேல் பட்டன் வரைக்கும் போட்டு, மடியில துண்டு வெச்சிருப்பானான்னா? புது மாதிரி கேங்.

கொடையை விரிச்சுக் காயப் போட்டுருக்காரு பாருங்க. ஈப்போவுல மழையே இல்ல. மண்டையப் பொளக்குது வெயிலு. மழை பேஞ்ச ஊருலருந்து வந்திருக்காரு. விடியறதுக்கு முன்னுக்கே கெளம்பியிருக்கணும்.

போன் ரிசீவர் கீழ கெடக்கா? தெரியும்ண்ணே. நான்தான் எடுத்துக் கீழ வெச்சேன். காலையில கடை தொறந்ததுலருந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ராங் நம்பராத்தான் இருக்கும். நான் எடுத்துப் பேசல, பேசாம எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. மாட்டாதீங்க, அப்படியே இருக்கட்டும். முதலாளி கூப்பிட்டா? பினாங்குல அவருக்கு ஆயிரம் வேலை.

வாங்க, போர்டை உள்ள எறக்குவோம். இந்த நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் காலு. மெதுவா அமுக்குங்க, நீங்களே அமுக்குங்க, உங்க சாமான். கிளிக்குன்னு கேட்டுச்சா? பாத்தீங்களா, பயப்பட ஒண்ணுமேயில்ல. இந்தச் சிப்பு மட்டும் வாய் பாத்துப் போடணும், பள்ளம் இருக்கற பக்கம் இப்படி. திருப்பிப் போட்டா கருகின வாசம் ஒண்ணு வரும், அதோட கத முடிஞ்சுச்சு.

அடுத்து, கேமை எதுலருந்து ஏத்தறது. டிஸ்க் டிரைவ் வாங்கினா பட்டுன்னு ஏறிரும். விலையும் அந்தப் பக்கம் ஏறிரும். எடமும் அடைக்கும். நீங்க கேசட் எடுங்க. ஆமாண்ணே, மொதல்ல டிஸ்க்குதான் நல்லதுன்னு சொன்னேன், இப்ப யோசிச்சுப் பாத்துச் சொல்றேன். உங்ககிட்ட பாட்டுக் கேக்கற டேப்பு இருக்குல்ல, அதுவே போதும். ஏறறதுக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும். சத்தம் கூடக் கொறைய வெச்சா பாதியில நின்னுரும், மொதல்லருந்து திரும்பப் போடணும். நேரம் ஆனா என்ன? நல்லதுதானே. நேரம் ஆகட்டும்.

கடை டிவியில போடறேன் பாருங்க. கேக்குதா, கீய்ய்ய்னு? அது பாசைண்ணே. அதுக்குள்ளதான் கேம் இருக்கு. இப்படிக் கத்தற சத்தத்துக்குள்ள ஒரு முழுக் கப்பற்படை இருக்குன்னா எவன் நம்புவான். காதைப் பொத்தாதீங்க. எனக்கு இந்தச் சத்தம் புடிக்கும். இது போறப்ப வேற ஒண்ணும் காதுல விழாது.

ஜாய்ஸ்டிக் இதை எடுத்துக்குங்க. இல்ல, இதுக்குக் காசு வேணாம். முதலாளி சம்பளத்துல புடிச்சுக்கட்டும். சின்ன மேசைன்னா அடியில ரப்பர் உறிஞ்சி வெச்சதுதான் சரி, மேசையப் புடிச்சுக்கும். வலது கையில ஆட்டுங்க, இடது கையில சுடுங்க. கப்பல்ல நெஜமாவே சுட்டுருக்கீங்களா? சமையல் பிரிவா. சரி பரவாயில்ல, இதுல சுடுங்க.

பாத்தீங்களா, வந்துருச்சு. முதல் தடவையே வந்துருச்சு. அட.

இல்லண்ணே, சந்தோசந்தான். ஒரு தடவ நின்னு போயிருந்தா திரும்ப ஏத்தியிருக்கலாம்னு பாத்தேன்.

இப்பவே பொட்டி கட்டறதா? எப்படிண்ணே? சூடு பாக்கணும். நல்லாச் சூடேறி, அதுக்கப்புறமும் ஓடுதான்னு பாத்துத்தான் கையில குடுப்பேன். இது பொய்யில்ல, தொழில்ல இருக்கறதுதான், எந்தக் கடையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. பஸ் எங்கயும் போகாதுண்ணே, ஒண்ணு போனா மேடான் கிட் பஸ் ஸ்டாண்டுல இன்னொண்ணு நிக்கும். நான் டிக்கெட் கிழிச்ச ரூட்டுதான் அது. நீங்க ஆடுங்க. உங்களுக்கு மூணு உசிரு குடுத்திருக்கான் பாருங்க. வலது பக்கம் வாங்க, வலது, மறைஞ்சுக்குங்க. நீங்க ஏன் சுட மாட்டேங்கறீங்க?

என் மூஞ்சியப் பாக்காதீங்க. டிவியப் பாருங்க.

சரிண்ணே. நீங்க கெளம்பணும், எனக்குப் புரியுது. நீங்க நல்ல மனுசன், இத்தன நேரம் உக்காந்தீங்க. அந்தக் கோப்பியப் பாத்தீங்களா? வந்தவுடனே வாங்கினாரு. ஒரு வாய் குடிக்கல. மேல ஆடை கட்டியிருக்கும். ஓசியில குடுத்தா பாத்திரம் கழுவின தண்ணியக்கூட குடிக்கிற மனுசன், காசு குடுத்து வாங்கின கோப்பியத் தொடல.

அவரு எங்க அக்கா வீட்டுக்காரரு. சின்னையா மச்சான். தைப்பிங் பக்கம் எஸ்டேட்ல பால்மரம் வெட்டறாரு. விடிகாலையில பெரட்டுக்குப் பேரு குடுத்துட்டு மரத்துக்குப் போனா, இந்நேரம் பால் எடுத்துட்டு வாளியோட நிறுவைக்கு நிப்பாரு. எங்க அக்காவுக்கு மொதப் புள்ள பொறந்தன்னிக்கும் மரம் வெட்டி முடிச்சுட்டுத்தான் போய்ப் பாத்தாரு. காய்ச்சல்லயும் போவாரு. தீவாளிக்கு மறுநாள் எஸ்டேட்டே தூங்கும், இவரு போவாரு. அந்த மனுசன் இன்னிக்கு மரத்துக்குப் போகல. கல்யாணத்துக்குப் போடற சட்டையப் போட்டுக்கிட்டு ஈப்போவுல உக்காந்திருக்காரு.

அம்மா வெள்ளிக்கெழமலருந்து தைப்பிங் ஆஸ்பத்திரியிலண்ணே. மூச்சு வாங்குதுன்னு சேத்தோம். ஞாயித்துக்கெழம நான் கெளம்பறப்ப கஞ்சி குடிச்சுச்சு. போய் முதலாளிக்கு நல்லபடியா வேலை செய்டா, இந்தக் கடையையும் விட்டு ஓடிராதன்னு சொல்லுச்சு.

எங்க ஆளுங்க அப்படித்தாண்ணே. வியாபாரம் நடக்கறப்ப, வெளியாளு முன்னுக்க, அந்தச் சேதியைச் சொல்ல மாட்டாங்க. வாங்க வந்தவருக்கும் ஆகாது, விக்கறவனுக்கும் ஆகாதுன்னு நெனைப்பு. கடை சும்மா ஆகற வரைக்கும் அங்கயே இருப்பாங்க. வந்து மொதல்ல வீட்டுக்கு வான்னுதான் சொல்லுவாங்க. அவ்வளவுதான் சொல்லுவாங்க. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் வந்து சொன்னாங்க, நான் ஸ்கூல்ல இருந்தேன். அதனாலதான் கேக்குறேன். இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லலல்ல? போன்லயும் சொல்லல. அப்ப இன்னும் ஒண்ணும் ஆகலல்லண்ணே?

நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க. உக்காருங்க. ஒரு உசிரு மிச்சம் இருக்கு, ஆடி முடிங்க. அண்ணே, உக்காருங்கண்ணே, அவரு பாக்குறாரு. நீங்க எந்திரிச்சதைப் பாத்துட்டாரு. கொடையை மடக்குறாரு.

அந்த சுவிச்சை அணைக்காதீங்க. இந்தா, இந்த போர்டைக் கையில வெச்சுக்குங்க. வெலை கேக்கற மாதிரி வெச்சுக்குங்க. போதும்.

வாங்க மச்சான். இப்பத்தான் வந்தீங்களா. இல்ல, நிக்காதீங்க, அங்க நாக்காலி இருக்கு, போட்டு உக்காருங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க மச்சான், கஸ்டமர் இருக்காரு. லூமுட்லருந்து வந்திருக்காரு, இன்னும் ஒரு சாமான்கூட எடுக்கல.