சங்குத்தலையனுக்கு டியூப் பிடிக்கிறவன்

சிரிக்காதிய மச்சான். பொம்மைன்னும் சொல்லாதிய. பொம்மைன்னா ஏரல் சந்தையில விக்கிறது. இது படை. முப்பத்திரெண்டு பேரு. ஒருத்தனுக்குப் பெயிண்ட் அடிச்சு முடிக்க ரெண்டு நாளாவுது. உக்காருங்க, ஜெர்லின் அக்கா இன்னும் கோயில்ல இருந்து வரல. ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் உங்க கல்யாண ஓலை மூணாவது தடவ வாசிக்கப் போறாவல்லா, அவளுக்கு ரெண்டு வாரமா பக்தி கூடிப்போச்சு. அம்மா உங்களுக்குக் காப்பி போடுதா. எனக்கு வேண்டாம், நாக்குல புண்ணு.

தெரியும், தெரியும், எதுக்கு வந்திருக்கியன்னு. நாளைக்குக் காலைல நான் உங்க வள்ளத்துல வரணும். நீங்க சங்கு குளிக்க இறங்குவிய, நான் மேல கம்ப்ரசர் பக்கத்துல உக்காந்து காத்து டியூப்பப் பிடிக்கணும். அம்மா சரின்னுட்டா. நான் இன்னும் சொல்லல. பத்து நிமிசம் இவனுவளப் பத்திக் கேளுங்க, பொறவு சொல்லுதேன்.

லாஸ்ட் ஆர்பிட்னு ஒரு சண்டை விளையாட்டு இது. மேசையில படைய நிறுத்தி, டேப்பு வச்சு இஞ்சு அளந்து நகத்தி, பகடை உருட்டிச் சுடணும். கப்பல்ல போற ஒரு அண்ணன் ரூல் புஸ்தகத்தக் கொண்டுவந்து போட்டாரு. ஆளுவள நானும் பேச்சிராஜாவும் அவன் மாமா கடை த்ரீடி மெஷின்ல பிளாஸ்டிக்ல பிரிண்ட் எடுத்தோம். பேச்சிராஜாவத் தெரியும்லா, எங்கூடப் படிச்ச பய. அவன் மனுசப் படை. மனுசன் ஜெயிக்கணும்னு அவனுக்கு ஒரு ஆசை, எதுக்குன்னுதான் தெரியல.

என் ஆளுவ பேரு ஸெலூன். நாங்க சங்குத்தலையன்னு சொல்லுவோம், மண்டையப் பாருங்க, அப்படியே பால்சங்கு. இவனுவ கிரகத்துல தரையே கிடையாது, பூரா கடல். அவனுவ சூரியன் அவிஞ்சுபோச்சு. உடனே என்ன செஞ்சானுவ, கடல மோந்து கப்பல்ல ஊத்திக்கிட்டு அண்டம் பூரா கெளம்பிட்டானுவ. எங்கயாவது இறங்கிச் சண்டை போடணும்னா வெளிய மூச்சு விட முடியாது. அதனால கப்பல்ல இருந்து ஒரு டியூப்ப மாட்டிக்கிட்டு இறங்குவானுவ. மேல ஒருத்தன் அந்த டியூப்பப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் சண்டை போட மாட்டான், துப்பாக்கியே கிடையாது. இறங்குனவனுக்காக அவன் மூச்சு விடுதானாம்.

இருங்க, இதுக்குமேலதான் கூத்து. அந்த டியூப்காரன் யாரா இருக்கணும்னா, இறங்குனவன் பெண்டாட்டியோட கூடப்பிறந்தவனா இருக்கணுமாம். புஸ்தகத்துல நாப்பத்தோராம் பக்கம். மனித அறிவுக்கு எட்டாத விசித்திர வழக்கம்னு அதுக்குக் கீழ எழுதிவச்சிருக்கான். எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்த அறிவுக்கு எட்டாதவன்தான் நம்ம தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் மச்சானுக்கு டியூப் பிடிக்கானே. முத்துக்குளிப்பு பத்தி எவனோ வெள்ளைக்காரன் அந்தக் காலத்துல எழுதுனதப் பாத்துக் காப்பி அடிச்சிருப்பான், வேற என்ன. நம்மளத் தூக்கிட்டுப் போயி, மண்டையில சங்க வச்சு, வேற்றுகிரகத்துக்காரன்னு விக்கான்.

அதத் தொடாதிய, அது உப்புதான். பனிக்கிரகம். பேச்சிராஜா அப்பா உப்பளத்துல இருந்து ஒரு பை எடுத்தோம். அந்தக் கறுப்பு? அது பெயிண்ட் இல்ல, துறைமுகத்துக் கரித்தூசி, தானா வந்து படிஞ்சது. போர்க்களம் மாதிரி இருக்கேன்னு துடைக்காம விட்டுட்டோம்.

சரி, எப்படி ஆடணும்னு கேக்கிய. புதுசா ஆடுதவன் எல்லாரும் ஒரே தப்பத்தான் செய்வான். ஒரு படைக்கு ரெண்டாயிரம் பாயிண்ட்டுதான். டியூப்காரன் ஒருத்தனுக்கு இரநூறு போயிரும், அவன் ஒரு கொசுவக்கூட அடிக்க மாட்டான். அதனால பத்துச் சண்டைக்காரனுக்கும் சேத்து ஒரே டியூப்காரன வச்சிருவான். பாக்க ஜோராத்தான் இருக்கும். பத்துப் பேரும் பன்னெண்டு இஞ்சு பாஞ்சு போயி வெட்டுவானுவ. ஆனா ஒவ்வொரு ரவுண்டுலயும் மொதல்ல டியூப்காரனுக்காக ஒரு பகடை உருட்டணும். ரெண்டுல இருந்து ஆறு வர எது விழுந்தாலும் அவன் பாட்டுக்கு உக்காந்திருப்பான். ஒண்ணு விழுந்தா அவ்வளவுதான். அந்த ரவுண்டுக்கு அவன் கட்டை. கண்ணு தொறந்திருக்கும், கையில டியூப் இருக்கும், ஆளு இருக்க மாட்டான். கீழ இருக்கவன் டியூப்ப எத்தன தடவ சுண்டி இழுத்தாலும் அவனுக்குத் தெரியாது.

பேச்சிராஜா வெசம். என் சண்டைக்காரன் ஒருத்தன்மேலயும் கை வைக்க மாட்டான். பங்கருக்குள்ள படைய ஒளிச்சுவச்சிட்டு, முறுக்குத் தின்னுக்கிட்டு, எனக்கு எப்ப ஒண்ணு விழும்னு பாத்துக்கிட்டே இருப்பான். விழும், விழாம எங்க போவும். பத்துப் பேரும் பனியில சுருண்டுருவானுவ. ஏலே, உன் மச்சான் தூங்கிட்டாம்லன்னு சொல்லிச் சிரிப்பான். ஏழு ஆட்டம் இப்படித் தோத்திருக்கேன். டியூப்காரன ஒருத்தனுக்கு ரெண்டு பேரா வைல, ஒருத்தன் கட்டையானா மத்தவன் பிடிப்பாம்லான்னு அவனே சொல்லித் தந்தான். நான் கேக்கல. அதான் புஸ்தகத்துல போட்டிருக்கேல, கூடப்பிறந்தவன் விடமாட்டான்னுன்னு அவன்கூடச் சண்டைக்குப் போனேன். அதுக்கு அவன், பாசத்துக்கு எத்தன பாயிண்ட் போட்டிருக்கு, காட்டுன்னான். தேடிப் பாத்தேன். ஒண்ணும் போடல.

சிரிக்கிய. நீங்களும் அந்தப் புஸ்தகத்துல இருக்கவன் மாதிரித்தான. பொன்னுதுரை அண்ணன் எட்டு வருசமா உங்க டியூப்பப் பிடிச்சாரு. நீங்க பத்துப் பாகம் ஆழத்துல, அறுவது அடிக்குக் கீழ தும்முனாலும் அவருக்கு மேல தெரியும். நிச்சயம் முடிஞ்ச மறுநாளு அவர நிப்பாட்டியாச்சு. ஏன்னு கேட்டா மொறையாம். அக்கா தாலி அறுந்துரும்னு பயந்து தம்பிக்காரன் டியூப்ப விடமாட்டானாம். நான் இதுவர வள்ளத்துல கம்ப்ரசர ஸ்டார்ட் பண்ணதுகூடக் கிடையாது. ஆனா நான் தம்பிக்காரன், அது போதும் உங்களுக்கு.

கோவப்படாதிய. மூஞ்சிக்கு நேரா பேசுறதுதான் எனக்கு வரும், அதுக்குத்தான் பள்ளிக்கூடத்துலயும் அடி வாங்குனேன். இல்ல, பள்ளிக்கூடத்த விட்டு நின்னது அதுனால இல்ல. ஊருக்குள்ள கெமிஸ்ட்ரி வரலன்னு நின்னுட்டான்னுதான் சொல்லுதாவ. அம்மா சொன்ன கதை அது. கெமிஸ்ட்ரியில நான் எழுவத்தெட்டு.

உங்க கையில இருக்கவன்தான் டியூப்காரன். ஆமா, கழுத்து ஒடைஞ்சவன். செவ்வாக்கிழமை ஒடைஞ்சுது. எட்டாவது ஆட்டம். ரெண்டாவது ரவுண்டு, பகடையக் கையில எடுத்தேன், அது வர ஞாபகம் இருக்கு. பொறவு பாத்தா நான் தரையில கெடக்கேன், மேசை கவுந்து கெடக்கு, வாயெல்லாம் உப்பும் ரத்தமும். பேச்சிராஜா என்னய ஒருச்சாச்சு படுக்கவச்சு, சட்டைய மடிச்சுத் தலைக்கு வச்சிருக்கான். அழுதிருக்கான் பய. என்னன்னு கேட்டா தூசி விழுந்துட்டாம்.

நாக்கு புண்ணானது அன்னைக்குத்தான். வலிப்பு மச்சான். மொதல்ல பள்ளிக்கூடத்து லேப்ல வந்துச்சு. அதுக்குப் பொறவு இது மூணாவது. மாத்திரை போட்டா அனேகமா வராதுன்னு டாக்டர் சொன்னாரு. அனேகமாங்கிறத அம்மா காதுல போட்டுக்கிடல. கல்யாணம் முடியுற வர மூச்சு விடக்கூடாதுன்னு மாதா படத்துக்கு முன்னால என் கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. தம்பிக்கு இப்படின்னா அக்காளுக்கும் இருக்கும்னு உங்க வீட்டுல சொல்லிருவாவளாம். அக்காளுக்குக் கிடையாது, நீங்க வேணா டாக்டர்கிட்டயே போய்க் கேளுங்க. அவ பாவம், உங்ககிட்டச் சொல்லிருவோம்னு ரெண்டு தடவ அம்மாட்டச் சொன்னா, அம்மா அழுது அமுக்கிட்டா.

சாமியார் ஒவ்வொரு ஓலையிலயும் வாசிக்காருல்லா, தடை ஏதாவது தெரிஞ்சவங்க சொல்லணும்னு. இது தடையா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அத நீங்களும் அக்காளும் பேசிக்கிடுங்க. நாளைக்கு டியூப்ப மட்டும் பொன்னுதுரை அண்ணன் பிடிக்கட்டும். மொறை வேணும்னா நானும் வாரேன், ரெண்டாவது ஆளா அவருக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன். எனக்கு ரெண்டு பேரு வேணும்னு புத்தி வர ஏழு ஆட்டம் ஆச்சு. உங்களுக்கு ஒரு ஆட்டந்தான்.

அம்மா காப்பியோட வாரா. அவனக் கீழ வைங்க மச்சான், இறுக்கிப் பிடிக்காதிய, கழுத்து இன்னும் ஒட்டல.