இந்த வருஷம் நீங்க உக்காரக் கூடாது

— இந்தப் பதிலைக் கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை தடவை பேசிப் பாத்த?

— நெறைய தடவை, தார்னல் சார். உங்க காலத்துல ஒத்திகை பாக்காமலா போனீங்க?

— எங்க காலத்துல இவ்வளவு வாய் கிடையாதும்மா. நான் படிச்ச காலேஜுக்காக வருஷா வருஷம் இதே காப்பிக்கடைக்கு வந்து, அங்க சேர அப்ளை பண்ற உங்களை மாதிரி பசங்களை இன்டர்வியூ பண்றேன். சும்மா, சம்பளமில்லாம. இனெஸ் மெடைரோஸ்... அப்பா மீன்பிடிக்கிறாரா?

— சிப்பிப் படகு.

— அதானே பாத்தேன். அப்ளிகேஷன் கட்டுரையில கடலு, விடியக்காலை, அப்பாவோட காய்ச்ச கைன்னு புழிஞ்சிருப்ப.

— கட்டுரையெல்லாம் உங்க கைக்கு வராதே சார். பேரும் ஸ்கூலும்தான் தருவாங்க. நான் எழுதினது எங்க தெரு சர்ச்சுங்க ரெண்டுக்கும் நடுவுல, யார் மணி முதல்ல அடிக்கறதுன்னு நடக்கற சண்டையைப் பத்தி.

— வேற எங்கெல்லாம் அப்ளை பண்ணியிருக்க?

— அதை நீங்க கேக்கக் கூடாது.

— எனக்கே சட்டம் சொல்றியா? 'கெட்டிக்காரி, ஆனா யாரோடயும் ஒட்ட மாட்டா'ன்னு காலேஜுக்கு ஒரு வரி எழுதினாப் போதும். உன் கதை முடிஞ்சுது.

— தெரியும். அதான் இவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். முழுச் செலவையும் ஏத்துக்கற காலேஜ் எனக்கு இது ஒண்ணுதான்.

— எல்லாருக்கும்தான் வேணும்.

— உங்க டெஸ்ஸாவுக்கும்தானே?

— என் பொண்ணை உனக்கு எப்படித் தெரியும்?

— அவ படிக்கிற பணக்கார ஸ்கூல்ல இல்ல. கோடையில நீச்சல் குளத்துல ரெண்டு பேரும், யாரும் முழுகாமப் பாத்துக்கற காவல் வேலை பாத்தோம். சொந்தப் பிள்ளை அப்ளை பண்ற வருஷம் பெத்தவங்க இந்த நாற்காலியில உக்காரக் கூடாது சார். காலேஜ்ல சொன்னீங்களா?

— சொல்லல.

— இந்த ஊர்ப் பசங்க எல்லாரையும் இப்படித்தான் கழிச்சுக் கட்டறீங்களா?

— ஆமா. இந்த ஊருக்கு ஒரு இடம் கெடச்சாலே பெருசு. அவ பொறந்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பவே அந்தக் காலேஜ் பேர் போட்ட குட்டிச் சட்டையைத்தான் போட்டுத் தூக்கிட்டு வந்தேன். அவளுக்கு ஒரு வழி பண்ணாம விடுவேனா? போ, புகார் குடு. உன் பேச்சை எவன் நம்புவான்?

— புகார் குடுக்க என்ன இருக்கு?

— ஏன், பயமா?

— இல்ல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு டெஸ்ஸா கெஞ்சினா. நானும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க என் படிப்புல மண்ணப் போடறேன்னதுக்கப்புறம் என்ன ரகசியம்?

— என்னடி சொல்ற?

— கடைசித் தேதி போயிருச்சு. நீங்க எந்தச் சட்டத்தையும் மீறல சார், தாராளமா உக்காருங்க. உங்க பொண்ணு அந்தக் காலேஜுக்கு அப்ளை பண்ணவே இல்ல.